கடைசிக் காலத்து ஜெர்மன் ரைஃபிள் சேகரிக்க விரும்பும் தமிழருக்கு: விசா முதல் வரிசை எண் வரை

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஒன்றரை ஆண்டில், அதாவது 1944-இலும் 1945-இன் முதல் மாதங்களிலும் ஜெர்மன் ஆலைகள் தயாரித்த கார் 98கே என்ற மவுசர் வகை ரைஃபிளைச் சேகரிக்க நினைக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தத் துறையில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சொல்பவர்கள் பெரும்பாலும், தாத்தா போரிலிருந்து கொண்டுவந்ததைப் பரணில் கண்டெடுத்தவர்கள். விசாவில் வந்து, பச்சை அட்டை வாங்கி, வீட்டில் துப்பாக்கி என்ற சொல்லையே கேட்டு வளராத ஒருவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதில் பணம் போகும் என்று அவர்களுக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போர் வரலாற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. காகிதம், பணம், காலம், கண்ணால் பார்க்க வேண்டியவை, இவ்வளவுதான்.

1. ரைஃபிளைப் பார்க்கும் முன் விசாவைப் பாருங்கள்

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 எல்லாமே குடியேற்றமற்ற விசாக்கள். அப்படிப்பட்ட விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். எண்பது ஆண்டுப் பழைய ரைஃபிள் என்பதால் சலுகை எதுவும் கிடையாது.

"வேட்டை உரிமம் ஒன்று எடுத்துக்கொள், போதும்" என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்குச் சட்டத்தில் விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமம் ஒரு நாள் காலாவதியானாலும் நீங்கள் குற்றவாளி. துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலுக்குத் தனிக் காரணமாகவே குடியேற்றச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சுவரில் மாட்டப்போகும் ஒரு பொருளுக்காக அந்த அளவு ஆபத்தை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பச்சை அட்டை வரட்டும். ரைஃபிள் எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. உங்களிடம் பச்சை அட்டை இருந்து, வாழ்க்கைத் துணையோ வீட்டில் தங்கியிருக்கும் தம்பியோ இன்னும் விசாவில் இருந்தால், பெட்டகத்தின் சாவியும் பூட்டு எண்ணும் உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். கையில் எடுத்தால்தான் 'வைத்திருப்பது' என்பதில்லை. எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதையே சட்டம் அப்படிக் கருதலாம். குடும்ப நிலைமை சிக்கலாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தை ரைஃபிளின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. மாநிலச் சட்டம்

கூட்டாட்சிச் சட்டம் அடித்தளம்தான். இலினாயில் மாநில அடையாள அட்டை வேண்டும்; நியூஜெர்சியில் வாங்குபவர் அட்டை; மாசசூசெட்ஸில் உரிமம். கலிபோர்னியாவுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் அவரவர் விதிகள். டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ இருப்பவர் சொல்லும் ஆலோசனை நியூஜெர்சிக்காரருக்கு உதவாது. உங்கள் மாநிலக் காவல் துறையின் இணையதளத்தில் பாருங்கள். அட்டை தேவைப்படும் மாநிலம் என்றால் அடுத்த படிக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கே பல வாரங்கள் ஆகலாம்.

3. சேகரிப்பாளர் உரிமம்

உரிமம் இல்லாமலும் வாங்கலாம். உள்ளூர்த் துப்பாக்கி வணிகர் மூலம், வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சிப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, கைமாற்றித் தருவதற்கான கட்டணத்தை அவருக்குக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் வணிகருக்கு வணிகர் மாறும். பெரும்பாலும் 25 முதல் 50 டாலர். அந்தப் படிவத்தில் பச்சை அட்டையில் உள்ள ஏ-எண் (குடியேற்றப் பதிவு எண்) கேட்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். பழைய முகவரியே இருந்தால், புது முகவரி உள்ள வாகனப் பதிவுச் சான்று போன்ற அரசு ஆவணம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். குடியேறியவர்களுக்குச் சோதனை முடிவு உடனே வராமல் 'தாமதம்' என்று நிற்பது சாதாரணம். பதற வேண்டாம். ஆனால் மறுநாள் காலை விமானம் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

ஒன்றுக்கு மேல் வாங்கும் எண்ணம் இருந்தால் 'சி அண்ட் ஆர்' (க்யூரியோஸ் அண்ட் ரெலிக்ஸ்) எனப்படும் சேகரிப்பாளர் உரிமம் எடுப்பதே நல்லது. தயாரித்து 50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத துப்பாக்கிகளுக்கான உரிமம் இது. 1945-இல் செய்த ரைஃபிளை வேறு மாநிலத்து விற்பனையாளர் நேராக உங்கள் வீட்டுக்கே அனுப்பலாம். நடுவில் வணிகர் தேவையில்லை. மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் மட்டும்.

விண்ணப்பம், துப்பாக்கிகளைக் கவனிக்கும் கூட்டாட்சித் துறையான ஏ.டி.எஃப்.-இன் படிவம் 7/7சிஆர். கட்டணம் 3 ஆண்டுக்கு 30 டாலர். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். வணிகர் உரிமத்துக்குக் கேட்பது போல இதற்குக் கைரேகையும் புகைப்படமும் கேட்பதில்லை. ஒரு நகலை உங்கள் ஊர்க் காவல் தலைவருக்கோ ஷெரீஃபுக்கோ அனுப்ப வேண்டும். அது தகவலுக்காக மட்டுமே. அவருடைய ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழுமையான விண்ணப்பத்தின்மேல் 60 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

உரிமம் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை:

அசல் வடிவம் என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அல்ல. போருக்குப் பின் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான மவுசர் ரைஃபிள்களின் கட்டையை (மர உடலை) வெட்டி, குழலைச் சீவி, வேட்டைத் துப்பாக்கியாக்கினார்கள். அவை இந்த உரிமத்தின் கீழ் வராது. கழற்றிய ரிசீவர் (குழல் திருகப்படும் எஃகு உடல்) மட்டும் தனியாக வந்தாலும் அப்படித்தான். அவற்றுக்குப் பழையபடி வணிகரும் 4473-உம் வேண்டும்.

வாங்கி விற்று லாபம் பார்க்க இந்த உரிமம் இடம் கொடுக்காது. சேகரிப்பை மேம்படுத்த ஒன்றை விற்று இன்னொன்று வாங்கலாம்; அதையே தொழிலாக்கினால் உரிமமில்லாத வணிகம்.

உரிமம் அதில் குறிப்பிட்ட முகவரிக்கே செல்லுபடியாகும். வீடு மாறுவதற்கு 30 நாள் முன்பே படிவம் 5300.38 மூலம் தெரிவிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேலையோடு ஊரும் மாறும் நம்மவர்கள் இதை நாட்காட்டியில் குறித்து வைக்காவிட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

4. எதை வாங்குவது, எவ்வளவு ஆகும்

1944-45-இல் தயாரித்த ஆலைகளில் ஐந்தை அதிகம் பார்ப்பீர்கள். ரிசீவர் வளையத்தின் உச்சியில் மூன்று சிறிய எழுத்துகளும் ஆண்டின் கடைசி இலக்கங்களும் இருக்கும். பி.ஒய்.எஃப். என்றால் ஓபர்ன்டார்ஃபில் இருந்த மவுசர். கடைசியில் அதே ஆலை எஸ்.வி.டபிள்யூ. என்று மாறியது. பி.என்.ஸெட். ஆஸ்திரியாவின் ஸ்டெயர். பி.சி.டி. வைமாரின் குஸ்ட்லோஃப். டி.ஓ.டி. பிர்னோ, அது 1945-இல் எஸ்.டபிள்யூ.பி. ஆனது. டி.ஓ.யூ. ஸ்லோவாக்கியாவின் பொவாஷ்ஸ்கா பிஸ்ட்ரிட்சா. குஸ்ட்லோஃப் 1944-ஐ '44' என்று அடிக்காமல் வெறும் '4' என்று அடித்ததும் உண்டு. 'பி.சி.டி. 4' என்று கண்டால் ஓர் இலக்கம் அழிந்துவிட்டதென நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

வைமார் ஆலையின் வேலையில் ஒரு பகுதி புக்கன்வால்ட் வதைமுகாம் கைதிகளைக் கொண்டும், ஸ்டெயரின் வேலையில் ஒரு பகுதி குசென் முகாம் கைதிகளைக் கொண்டும் நடந்தது. நீங்கள் வாங்கும் இரும்பில் அவர்கள் கை பட்டிருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் பெருமை பேசும் பொருளாக மட்டும் ஆக்காதீர்கள்.

விலை, நான் மேசைகளில் பார்த்த அட்டைகளை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். சோவியத் படை கைப்பற்றிப் பழுது பார்த்த ரைஃபிள்கள் ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கின்றன. அமெரிக்கச் சிப்பாய் நேரடியாகக் கொண்டுவந்தது, ஆனால் போல்ட்டின் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உறுப்பின்) எண் ரைஃபிளின் எண்ணோடு பொருந்தாதது, அதற்கு மேல். போல்ட்டும் பொருந்தி, யாரும் கை வைக்காத கட்டையுடன் வந்தால் இரண்டாயிரத்துக்கு மேல் தொடங்கும், எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. ஒரே ஓர் உறுப்பின் எண் விலையை இவ்வளவு ஏற்றுவதால் மோசடியும் அங்கேதான் குடியிருக்கிறது. அதற்கு ஆறாம் படியில் வருகிறேன்.

முதல் ரைஃபிளுக்கு என் யோசனை: சோவியத் படை பழுது பார்த்த கார் 98கே ஒன்றை வாங்கி, பாடப்புத்தகம் போலக் கழற்றிப் படியுங்கள். பிறகு பணத்தைச் சேர்த்து ஒரே ஒரு நல்ல அசலை வாங்குங்கள். நடுத்தரமானவை நான்கு வாங்கிக் குவிப்பவர்கள் பின்னால் நான்கையும் நட்டத்துக்கு விற்கிறார்கள்.

ரைஃபிளைத் தவிர ஆகும் செலவு: பெட்டகம், தபால் காப்பீடு, ஒரு பூதக்கண்ணாடி, சிறு டார்ச், தோட்டா அறை அளவுகோல்கள். குறிப்பு நூல்கள் விலை அதிகம்தான். ஆனால் ஒரு போலியைத் தவிர்த்தாலே போட்ட பணம் திரும்பிவிடும்.

5. ரைஃபிளைப் படிக்கப் பழகுங்கள்: அவலட்சணமே அடையாளம்

புதிதாக வருபவர் தடுமாறுவது இங்கேதான். 1938-இன் கார் 98கே பளபளவென்று இருக்கும். எல்லாம் கடைந்து, மெருகேற்றி, கருநீலப் பூச்சுடன். 1945-இன் ரைஃபிளைப் பக்கத்தில் வைத்தால் யாரோ அவசரத்தில் கொல்லைப்புறத்தில் செய்தது போலிருக்கும். அதைக் குறை என்று நினைத்து அழகானதைத் தேடினால், போருக்குப் பின் யாராவது அழகாக்கியதையே வாங்குவீர்கள்.

ஆலைகளுக்கு நேரமும் இல்லை, பொருளும் இல்லை. சுடுவதற்குத் தேவையில்லாத ஒவ்வொரு வேலையையும் கழித்துக்கொண்டே வந்தார்கள். இப்படி எளிமையாக்கிய வடிவத்தைச் சேகரிப்பாளர்கள் கிரீக்ஸ்மோடெல் என்கிறார்கள். கழிந்தவை எவை என்று பாருங்கள்.

பயோனெட் மாட்டும் தண்டு போனது. குழலின் அடியில் செருகியிருக்கும் துடைப்புக் கம்பி போனது. கட்டையைச் சுற்றிய பட்டைகளைப் பிடித்திருந்த எஃகு வில் போய், பட்டையில் நேராக மரத்திருகு ஏறியது. பட்டைகளும் கடைந்தவை அல்ல. தகட்டை அழுத்தி மடக்கிச் செய்தவை. டிரிகர் காப்பும் கடைசல் வேலையிலிருந்து தகட்டு வேலைக்கு மாறியது. அதைக் கட்டையோடு பிணைக்கும் இரு பெரிய திருகுகளைக் கழலாமல் காத்த சின்னப் பூட்டுத் திருகுகளும் காணாமல் போயின. முன்பார்வைக் குமிழின் மேலிருந்த கூடும் அப்படியே.

பழைய ரைஃபிளில் கட்டையின் நடுவே ஓர் எஃகு வட்டு பதித்திருக்கும்; போல்ட்டைப் பிரிக்கும்போது சுடுமுள்ளின் (தோட்டாவைத் தட்டும் முள்ளின்) நுனியை அதில் ஊன்றி வில்லை அமுக்குவார்கள். கடைசி ரைஃபிள்களில் வட்டு இல்லை. அடித்தகட்டின் (கட்டையின் முனையில் தோளில் படும் தகட்டின்) பக்கவாட்டில் ஒரு துளை மட்டும் இருக்கும், வேலை அதுவே. அந்தத் துளையைக் கண்டு 'யாரோ டிரில் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்' என்று விலை பேசிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். விற்பவரும் பாவம், ஒத்துக்கொண்டார்.

கட்டை பெரும்பாலும் மெல்லிய மரத்தகடுகளை ரெசின் வைத்து அழுத்தி ஒட்டிய லேமினேட். இது போர்க்காலச் சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள்; போருக்கு முன்பே வந்துவிட்டது. எனவே லேமினேட் இருப்பதை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்க முடியாது. கடைசிக் காலத்துக் கட்டையின் மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். விரலை ஓட்டினால் மரத்தகடுகளின் விளிம்புகள் தட்டுப்பட வேண்டும். வழுவழுவென்றிருந்தால் தேய்த்திருக்கிறார்கள். முத்திரைகளை உற்றுப் பாருங்கள். மங்கலாக, ஓரம் கரைந்து தெரியும்.

எஃகின் மேல் கருநீலப் பூச்சுக்குப் பதிலாகச் சாம்பலும் பச்சையும் கலந்த பாஸ்பேட் பூச்சு சில ஆலைகளில் வந்தது. ஒரே ரைஃபிளில் சில உறுப்புகள் ஒரு நிறம், சில வேறு நிறம் என்று இருப்பது இயல்பு. குழல், ரிசீவர் மேலெல்லாம் கடைசல் உளியின் கோடுகள் அப்படியே நிற்கும், யாரும் மெருகேற்றவில்லை.

இந்த மாற்றங்கள் எல்லா ஆலைகளிலும் ஒரே நாளில் வரவில்லை. கிடங்கில் இருந்த பழைய உறுப்புகள் தீரும் வரை பயன்படுத்தினார்கள். பயோனெட் தண்டு இருக்கும், துடைப்புக் கம்பி இருக்காது; ஒரு பட்டை கடைந்தது, ஒன்று தகடு. இந்தக் கலவைகளை அரை கிரீக்ஸ்மோடெல் என்பார்கள். ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடித்து முடிவு செய்யாதீர்கள். அதே ஆலை, அதே ஆண்டு, அதே வரிசை எழுத்துக்கு அருகில் உள்ள வேறு அசல்களின் படங்களோடு ஒப்பிடுங்கள்.

வரிசை எண் என்பது 1 முதல் 9999 வரை ஓடி, பிறகு கீழே ஓர் எழுத்துடன் மறுபடி 1-இலிருந்து தொடங்குவது. எழுத்தில்லாதது முதலில், அடுத்து ஏ, பி என்று போகும். எழுத்தையும் சேர்த்தே எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தை விட்டுவிட்டால் ஆண்டின் தொடக்கமா இறுதியா என்பதே தெரியாது.

போரின் முற்பகுதியில் சின்னத் திருகுக்குக்கூட எண் அடித்தார்கள். 1944-இல் அதைப் படிப்படியாக விட்டுவிட்டார்கள். கடைசியில் ரிசீவர், குழல், போல்ட், அவ்வளவே. போல்ட்டில்கூட எண் இல்லாமல் வெளியேறியவை உண்டு. ஆகவே 1945-இன் ரைஃபிளில் "எல்லாத் திருகும் பொருந்துகிறது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

6. ஏமாறும் இடங்கள்

மாற்றி அடித்த போல்ட். போரின் முடிவில் ஒப்படைத்தபோது ரைஃபிள்களையும் போல்ட்டுகளையும் தனித்தனிக் குவியலாகப் போட்டார்கள். அமெரிக்கச் சிப்பாய் இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து வந்தார். அதனால் பொருந்தாத போல்ட் என்பது நேர்மையான நிலை. பொருந்துவதே அபூர்வம், பொருந்த வைப்பதோ சுலபம்.

ஒரு கண்காட்சி மேசையில் இப்படி ஒரு பி.என்.ஸெட். 45 இருந்தது. பூதக்கண்ணாடியால் போல்ட் கைப்பிடியின் அடிப்பகுதியைப் பார்த்தேன். உளிக்கோடுகள் வரிசையாக வந்து, எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்று, எண்ணுக்கு அப்பால் மறுபடி தொடங்கின. எண் இருந்த இடம் மட்டும் மழுங்கி, லேசாகக் குழிந்திருந்தது. பழைய எண்ணை அரத்தால் எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். ஆலையில் கோட்டின் மேலேயே எண்ணை அடித்திருப்பார்கள். ரிசீவரின் '7'-க்கும் போல்ட்டின் '7'-க்கும் வளைவே வேறு. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். அது மாலைக்குள் விற்றுப்போயிற்று.

சோவியத் பழுது. ரிசீவரில் பெருக்கல் குறி போன்ற முத்திரை, உறுப்புகளில் மின்பேனாவால் கிறுக்கிய எண், கட்டையில் செம்பழுப்பு அரக்குப் பூச்சு, எல்லாவற்றின்மேலும் ஒரே சீரான கருப்பு. இவற்றில் குற்றமில்லை, விலை சரியாக இருந்தால். சிலர் அரக்கைச் சுரண்டி, மின்பேனா எண்ணைத் தேய்த்து, 'சிப்பாய் கொண்டுவந்தது' என்று விற்கிறார்கள். குழலின் அடியிலோ ரிசீவரின் பக்கத்திலோ இறக்குமதியாளரின் சிறிய முத்திரை இருக்கிறதா, அது இருந்த இடத்தில் மெருகு மாறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

போருக்குப் பிந்தைய கலவைகள். ஓபர்ன்டார்ஃப் ஆலை 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையிடம் விழுந்த பிறகும் அங்கே ரைஃபிள்கள் தயாராயின. நட்சத்திர முத்திரையும், முன்புறம் அறுகோணத் தண்டும் இருந்தால் பிரெஞ்சுக் கைவேலை. கையுறை போட்ட விரலும் நுழையும்படி டிரிகர் காப்பு பெரிதாக இருந்தால் செக்கோஸ்லோவாக்கியா. யூகோஸ்லாவியா பழைய முத்திரைகளைத் தேய்த்துத் தன்னுடையதை அடித்தது. இஸ்ரேல் 7.62 தோட்டாவுக்கு மாற்றியது. இவை தனித்தனியாகச் சுவையான சேகரிப்புகள்தான். ஆனால் போர்க்கால அசல் விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல.

குறிபார்க்கும் தொலைநோக்கி வைத்தவை, நாஜிகளின் எஸ்.எஸ். படை முத்திரையுள்ளவை, மக்கள் படைக்காகக் கடைசி மாதங்களில் செய்த ஃபோக்ஸ்ஷ்டுர்ம் ரைஃபிள்கள். இவற்றில் போலி மலிந்து கிடக்கிறது. முதல் சில ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எஸ்.டி.ஜி. 44 என்ற ஜெர்மன் தாக்குதல் ரைஃபிள். தானியங்கியாகச் சுடுவது, சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. பதிவில் இல்லாத ஒன்றை இன்று புதிதாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளத் தனியாருக்கு வழியில்லை. பண்ணை வீட்டு ஏலத்தில் மலிவாகத் தெரிந்தால் கையால்கூடத் தொடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சேதமே சாட்சி. பையில் அடங்குவதற்காகச் சிப்பாய்கள் கட்டையைக் குறுக்கே அறுத்து, ஊருக்கு வந்ததும் மறுபடி ஒட்டினார்கள். பட்டையைத் தளர்த்தி நகர்த்தினால் அடியில் ரம்பக் கோடு தெரியும். விலையைக் குறைக்கும் சேதம்தான். ஆனாலும் அந்தக் கட்டை 1945-இலேயே அமெரிக்கா வந்தது என்பதற்கு விற்பவரின் கதையைவிட அது நம்பத்தக்கது. சிப்பாய்க்கு மேலதிகாரி கொடுத்த கைப்பற்றுச் சான்றிதழ் இருந்தால் விலை ஏறும். அதில் இந்த ரைஃபிளின் எண் எழுதியிருந்தால் மட்டுமே அதற்குப் பணம் கொடுங்கள்.

7. எங்கே, எப்படி வாங்குவது

கையில் எடுத்துப் பார்க்கும் இடமே முதல் தேர்வு. பிப்ரவரியில் கென்டக்கியின் லூயிவில்லில் நடக்கும் 'ஷோ ஆஃப் ஷோஸ்' ராணுவப் பொருள்களுக்கே உரியது. ஒக்லஹோமாவின் டல்சாவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மாபெரும் துப்பாக்கிக் கண்காட்சி நடக்கிறது. முதல் நாள் எதையும் வாங்காமல் பார்த்துக்கொண்டே நடங்கள். மேசைக்காரர்களில் பெரும்பாலோர் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். தோல் நிறத்தைப் பார்த்துத் தயங்கியவர்களையும் சந்தித்திருக்கிறேன். வரிசை எழுத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதும் பேச்சு வேறாகிவிடும்.

இணைய ஏலம் என்றால் படங்களைக் கேட்டு வாங்குங்கள்: ரிசீவரின் உச்சி, இடப்பக்க எண், போல்ட் கைப்பிடியின் அடிப்பகுதி நேர் மேலிருந்து, கட்டையின் வலப்பக்கம், அடித்தகடு, குழல்வாய். ஒன்றைத் தர மறுத்தாலும் விட்டுவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று நாளாவது வேண்டும். பெரிய ஏல நிறுவனங்களில் ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் ஒரு சதவீதக் கணக்கில் ஏறும். அதைக் கூட்டாமல் கை தூக்காதீர்கள். அதன்மேல் விற்பனை வரி, கடன் அட்டைக் கட்டணம், அனுப்பும் செலவு வேறு.

8. வீட்டுக்கு வந்த பிறகு

உரிமத்தின்கீழ் வாங்கியதைக் கட்டுப்புத்தகம் எனப்படும் பதிவேட்டில் பதிய வேண்டும்: வந்த தேதி, தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், வகை, தோட்டா அளவு, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அல்லது அவருடைய உரிம எண்ணும். அடுத்த வேலைநாள் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும். விற்றால் 7 நாட்களுக்குள். ஏ.டி.எஃப். ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்கலாம். "வீட்டுக்கு வர வேண்டாம், புத்தகத்தை உங்கள் அலுவலகத்துக்கே கொண்டுவருகிறேன்" என்று அவர்களிடம் சொல்லும் உரிமை சேகரிப்பாளருக்கு உண்டு. திருட்டுப் போனால், தெரிந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக் காப்பீடு போதும் என்று இருந்துவிடாதீர்கள். திருட்டுப் போன துப்பாக்கிகளுக்கு 2,500 டாலர் போல ஓர் உச்சவரம்பு பல பத்திரங்களில் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் சேகரிப்புக்கெனத் தனிக் காப்பீடு எடுங்கள்.

சுத்தம் செய்யும் ஆர்வத்தை அடக்குங்கள். எஃகுக்கு மெல்லிய எண்ணெய், மரத்துக்கு உலர்ந்த துணி. எஃகுக் கம்பளியோ உப்புத்தாளோ பளபளப்புத் திரவமோ பட்டால் பாதி மதிப்பு அன்றே போய்விடும்.

சுட விரும்பினால் முதலில் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் தோட்டா அறையின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். போல்ட் மாறியிருந்தால் கட்டாயம். இதன் தோட்டா 7.92×57 மி.மீ. அமெரிக்க நிறுவனங்கள் '8 மி.மீ. மவுசர்' என்று விற்பவை, குறுகிய குழலுள்ள மிகப் பழைய ரைஃபிள்களை நினைத்து அழுத்தம் குறைத்துச் செய்தவை. வயதான எஃகுக்கு அதுவே நல்லது. பழைய ராணுவத் தோட்டாக்களின் தீப்பொட்டில் பெரும்பாலும் உப்பு இருக்கும். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாவிட்டால் ஒரு வாரத்தில் துரு.

துப்பாக்கிச் சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பையில் துணியை அடுக்கி ஊருக்குக் கிளம்பி, ஓரத்து ஜிப்பில் மறந்த ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்கு. வெற்றுக் கூடும் சந்தேகத்தைக் கிளப்பும். ரைஃபிளையே ஊருக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அங்கே இறக்குமதி, உரிமம் எல்லாம் வேறு சட்டம், இந்த உரிமம் அங்கே செல்லாது. ஊருக்கு நிரந்தரமாகத் திரும்ப முடிவு செய்தால் ஆறு மாதம் முன்பே விற்கத் தொடங்குங்கள். கிளம்பும் வாரத்தில் விற்பவரின் அவசரம் வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும்.